மூளைக் கட்சியும் மனசுக் கட்சியும்



மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். கல்லூரிக் கட்டடம், பேராசிரியர்கள், கேன்டீன் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எடுத்துக்கொண்டது ஜப்பான் பொம்மைப் படங்களின் வரலாறு. இன்றைய மாணவர்கள் 'அனிமே' என்பார்கள். சிரிக்க வேண்டாம். இதில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

2010இல் நாங்கள் ஐந்து பேர் சேக்காட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். யாராவது ஹார்ட் டிஸ்கில் படம் கொண்டுவருவார்கள். அரக்கோணம் வண்டி போகும்போது வசனம் கேட்காது, படத்தை நிறுத்திவிடுவோம். அது ஜப்பானிய வசனம், எங்களில் ஒருவனுக்கும் புரியாது, கீழே எழுத்து ஓடுகிறது என்பதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை!

அறையில் இரண்டு கட்சி. யோசிக்க வைப்பதுதான் நல்ல படம் என்பது மூளைக் கட்சி. அழ வைப்பதுதான் நல்ல படம் என்பது மனசுக் கட்சி. மூளைக் கட்சித் தலைவர் அடியேன்.

ஓர் இரவு 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' பார்த்தோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டுவீச்சில் தாயை இழந்த ஓர் அண்ணனும் நாலு வயதுத் தங்கையும் பசியில் வாடும் கதை. படம் முடிந்ததும் நண்பன் ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தான். "டேய், இது ஜப்பான் பாசமலர்டா!" என்று நான் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ படத்தைப் பாத்த. நான் என் தங்கச்சியப் பாத்தேன்" என்றான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கை ஊரில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அது எங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் எனக்கு அன்று பதில் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு பல வருடங்களாக இந்தப் படங்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். என் கட்சிதான் சரி என்று நிரூபிக்கத்தான் ஆரம்பித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விநாடிக்கு எட்டுப் படம்

1963 ஜனவரி 1 அன்று ஜப்பான் தொலைக்காட்சியில் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் ஆரம்பமானது. உருவாக்கியவர் ஒசாமு தெசுகா, மருத்துவம் படித்தவர். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். டிஸ்னி பாணியில் ஒவ்வொரு பிரேமுக்கும் அல்லது இரண்டு பிரேமுக்கு ஒன்றாகப் புதுப் படம் வரைவார்கள். வாராவாரம் குறைந்த பணத்தில் தொடர் தர வேண்டிய தெசுகாவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. மூன்று பிரேமுக்கு ஒரு படம் போதும் என்று கணக்குப் போட்டார். அதாவது விநாடிக்கு எட்டு. சில இடங்களில் முகம் அசையாது, வாய் மட்டும் அசையும். வரைந்த படங்களைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். நம் பாஷையில் சொன்னால் காஸ்ட் கட்டிங்!

ஆனால் அசைவு குறைந்த இடத்தில் பார்ப்பவர் கண் எங்கே போகும்? முகத்துக்குத்தான். பெரிய கண்கள், ஒரு நிமிட அமைதி, அசையாத ஒரு வானம் என்று பின்னால் வந்தவர்கள் இந்தச் சிக்கனத்தையே உணர்ச்சிக்கான கருவியாக்கிக்கொண்டார்கள். ஆஸ்ட்ரோ பாயின் கதையும் அப்படித்தான். மகனை விபத்தில் இழந்த விஞ்ஞானி அவன் சாயலில் ஓர் இயந்திரப் பையனைச் செய்கிறார். அவன் வளரவில்லை என்றதும் ஒதுக்கிவிடுகிறார். மனிதன் என்றால் யார் என்ற கேள்வியும், கைவிடப்பட்ட பிள்ளையின் துயரமும் முதல் நாளே ஒன்றாக வந்துவிட்டன.

அழ வைத்தவர் அறிவாளி

நான் கிண்டல் செய்த படம் 1988 ஏப்ரல் 16இல் வெளியானது. இயக்கியவர் இசாவோ தகஹாதா. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர், 1945இல் ஒன்பது வயதில் ஒகயாமா நகரக் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். கண்ணீருக்காக எடுத்த படமா இது? படத்தின் ஆரம்பத்திலேயே அந்த அண்ணன், தான் 1945 செப்டம்பர் 21 இரவு இறந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறான். பிழைப்பானா மாட்டானா என்ற பதைபதைப்பை முதலிலேயே எடுத்துவிட்டார் இயக்குநர். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: இது ஏன் நடந்தது? கடுகடுத்த அத்தை வீட்டை விட்டு ரோஷத்தோடு வெளியேறியது சரியா, தவறா? இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொன்னபோதெல்லாம் தகஹாதா மறுத்தார். சமூகத்திலிருந்து விலகித் தனியாக வாழ்ந்துவிடலாம் என்று நினைத்த பிள்ளைகள் தோற்ற கதை என்றார்.

மூலக்கதை எழுதியவர் அகியுகி நொசாகா, ஆண்டு 1967. போர் முடிந்த வருடத்தில் அவருடைய வளர்ப்புத் தங்கை ஊட்டமில்லாமல் இறந்துபோனாள். கிடைத்த உணவைத் தானே தின்ற குற்ற உணர்ச்சியில் எழுதினாராம். அதாவது அந்தக் கதையே ஒரு மன்னிப்பு.

மூளை மட்டும் போனால்...

மூளைக் கட்சியின் வேதம் 1995இல் வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்', இயக்கம் மமொரு ஓஷி. உடல் முழுக்க இயந்திரமானால் 'நான்' என்பது எது என்று கேட்கும் படம். பத்துத் தடவை பார்த்திருப்பேன். அதில் ஒரு குப்பை வண்டிக்காரர் வருவார். மனைவி, மகள் என்று அவர் நம்புவதெல்லாம் யாரோ மூளையில் புகுத்திய பொய் நினைவு என்று போலீஸ் சொல்லும். மகள் படம் என்று அவர் காட்டிய போட்டோவில் மகளே இருக்கமாட்டாள். தத்துவத்தை மட்டும் பார்த்த நான் அந்த மனுஷனைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அதே வருடம் தொடங்கிய 'எவாஞ்சலியன்' தொடர் 1996 மார்ச்சில் முடிந்தது. கடைசி இரண்டு பகுதிகளில் சண்டையும் இல்லை, கதையும் நகரவில்லை. நாயகன் மனதுக்குள் நடக்கும் விசாரணை, அசையாத படங்கள், எழுத்துகள், அவ்வளவுதான். ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப் போனார்கள். 1997இல் வேறொரு முடிவைத் திரைப்படமாகவே எடுத்தார்கள்.

நம் நாட்டுப் பங்கு

1983இல் யுகோ சாகோ என்ற ஜப்பானியர் இந்தியா வந்தார். அலகாபாத் பக்கம் நடந்த அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் வேலை. வந்தது மண்ணைத் தோண்டும் ஆராய்ச்சிக்காக, பிடித்துக்கொண்டது ராமாயணம். தெய்வத்தை நடிகர் நடிப்பதைவிட வரைவதே பொருத்தம் என்று நினைத்தார். பொம்மைப் படமா என்று இங்கே தயக்கமும் எதிர்ப்பும் கிளம்பின. ஆனாலும் விடவில்லை. கோயிச்சி சசாகியோடும் நம் ராம் மோகனோடும் சேர்ந்து எடுத்து முடித்தார். இந்த ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு, 1956இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர். பட்டம் ஒன்று, பிழைப்பு வேறொன்று என்று இருக்கும் நம் நண்பர்கள் கவனிக்க!

'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' 1993 ஜனவரியில் டில்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அப்போது நாடு முழுக்கத் திரைக்கு வரவில்லை. 2025 ஜனவரி 24 அன்றுதான் தமிழும் பேசிக்கொண்டு தியேட்டர்களுக்கு வந்தது. ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவையும் மகளையும் அழைத்துப் போனேன். ஜடாயு விழுந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி மூக்கை உறிஞ்சினார்கள். வெளியே வந்ததும் மகள், "தோத்துடுவோம்னு அந்தத் தாத்தா பறவைக்குத் தெரியாதா?" என்றாள். "தெரியும்மா. தெரிஞ்சுதான் போச்சு" என்றார் அப்பா. அழுததால்தான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. பதினைந்து வருடமாக நான் தேடிய விடை வாசலிலேயே கிடைத்துவிட்டது.

அதே 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழில் வந்தது. இன்றைய மாணவர்கள் கொண்டாடும் அந்தக் கதை என்ன? அரக்கியாகிவிட்ட தங்கையை மறுபடி மனுஷியாக்கப் போராடும் அண்ணன்! பாசமலர் வந்தது 1961இல். கிண்டல் செய்ய நான் யார்?

தம்பி தங்கைகளே, அறையில் கட்சி கட்டிச் சண்டை போடுங்கள், நல்லதுதான். அழுகிறவனைப் பார்த்துச் சிரிக்க மட்டும் வேண்டாம்.

சேக்காட்டு நண்பா, நீயும் இந்த மலரைப் படிப்பாய். உன் தங்கை இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். அன்று நான் பேசியது தப்புடா. சந்திப்பு நாளில் நேரிலும் சொல்கிறேன், வந்துவிடு.

– 2011ஆம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்