சீசன் டிக்கெட்டும் தறிக்குழியும்

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-ல், அரக்கோணத்திலிருந்து. தினமும் அதிலேறி வேலைக்குப் போய்த் திரும்புகிற மனிதன் பிற்பாடு வந்தவன். சென்னையில் அவனைப் பெருக்கியது 1931 மே மாதம் தொடங்கிய கடற்கரை - தாம்பரம் மின்சார வண்டி. ஆங்கிலத்தில் அவனுக்குக் ‘கம்யூட்டர்’ என்று பெயர்; அமெரிக்க ரயில் கம்பெனிகள் குறைத்துக் கொடுத்த சீசன் கட்டணத்திலிருந்து பிறந்த சொல். மனிதனுக்கே டிக்கெட்டின் பெயர்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. படுக்கும் இடத்திலிருந்து தறிக்குழிக்குப் பத்தடி. இதைப் பொற்காலமாக எழுதுவது நம்மவர்களுக்குச் சுலபம். இடுப்பு வலியும், பள்ளிக்கூடம் போகாமல் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் அந்தப் பத்தடிக்குள்தான். ஆனாலும் தெருவில் ஒரு சாவு என்றால் நாடாவை வைத்துவிட்டு எழுந்து போக முடிந்தது. கூலிதான் குறையும்.

1970-களில் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமுக்குத் தினமும் ரயிலில் போகிறவர்களின் சிறுநீரில் அட்ரினலின் அளவைச் சோதித்தார்கள். நெடுந்தூரம் போகிறவனுக்கு அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? நடுவழியில் ஏறியவர்களுக்குத்தான் அதிகம். முதல் ஸ்டேஷனில் ஏறியவன் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்கிறான். எங்கள் ஊரில் காலை வண்டி ஏறுகிறவர்களுக்கு இதை ஆராய்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னலோரம் அவர்களுடையது, தாம்பரத்தில் ஏறுகிறவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மாலையில் கணக்கு தலைகீழ். கடற்கரையில் புறப்பட்ட வண்டி பூங்காவுக்கு வரும்போதே நிறைந்திருக்கும்.

2004-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, டெக்ஸாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களை, முந்தைய நாளைப் பகுதி பகுதியாக நினைவுபடுத்தி எழுதச் சொன்னார்கள். மகிழ்ச்சியில் கடைசி இடம் காலைப் பயணத்துக்கு. வேலைகூட அதற்கு மேலேதான். தூரத்துக்கேற்ற சம்பளமோ நல்ல வீடோ கிடைத்துவிடுகிறதே என்பது பொருளாதாரக்காரர்களின் பதில். ஜெர்மன் புள்ளிவிவரங்களைப் பார்த்த ஃப்ரையும் ஸ்டுட்ஸரும், அது ஈடாகவில்லை என்றார்கள்.

ஹூண்டாய் 1998-லும் நோக்கியா 2006-லும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உற்பத்தியைத் தொடங்கின. நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் பஸ்ஸில் கழிகிற நேரம் சம்பளத்தில் சேராது. ஆனால் இது அந்த வீடுகளுக்குப் புதிதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சேலைக்குக் கூலி தறியில் உட்கார்ந்தவன் பெயரில்தான். தார் சுற்றிக் கொடுத்த மனைவிக்குத் தனியாக எதுவும் எழுதப்பட்டதில்லை. கூலியில்லாத அந்த மணிநேரம் திண்ணையிலிருந்து நெடுஞ்சாலைக்கு இடம் மாறியிருக்கிறது. தார் சுற்றுகிறவள் அலுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கலாம். பஸ்ஸில் அதுவும் டிரைவர் நிறுத்தினால்தான்.