பதக்கமும் சாட்சியும்



கோலாலம்பூர் ஏரிப் பூங்காவை அடுத்துள்ள தேசிய நினைவுச் சின்னத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகாத ஆசிரியர்கள் நம்மில் குறைவு. வெண்கல வீரர்களின் சிலையைப் பார்ப்போம், படம் பிடித்துக்கொள்வோம், பேருந்தில் ஏறிவிடுவோம். அதே வளாகத்தில் ஒரு கல்தூணும் நிற்கிறது. முன்பு ரயில் நிலையத்துக்கு அருகே இருந்து, பின்னர் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட தூண் அது. 1914–1918, 1939–1945, 1948–1960 என்று மூன்று காலங்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் முன்னே நின்று என் மாணவன் ஒருவன், “சார், யாருக்குப் பதக்கம் கொடுக்கிறதுன்னு யார் முடிவு பண்ணுவாங்க?” என்று கேட்டான். வீரச்செயல் புரிந்தவருக்குக் கொடுப்பார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அது பாதி விடைதான் என்பது, நம் நாட்டின் வானத்தில் போரிட்ட விமானிகளைப் பற்றிப் பிற்பாடு படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதே நாளில் சயாமின் தென்பகுதியில் உள்ள சிங்கோராவிலும் இறங்கி, அங்கிருந்த விமானத் திடலைக் கைப்பற்றிக்கொண்டது. மறுநாள் அந்தத் திடலைத் தாக்கும்படி பட்டர்வொர்த் தளத்துக்கு உத்தரவு வந்தது. பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 62-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆர்தர் ஸ்கார்ப் என்னும் 28 வயது விமானி, தம் பிளெனிம் குண்டுவீச்சு விமானத்தில் முதலாவதாக மேலெழும்பினார். அடுத்த விமானங்கள் எழும்புவதற்குள் ஜப்பானிய விமானங்கள் வந்து தளத்தின்மீது குண்டுமாரி பொழிந்தன. புறப்படக் காத்திருந்தவை அனைத்தும் தரையிலேயே நாசமாயின, அல்லது முடங்கிப்போயின.

வானத்தில் இருந்தது ஸ்கார்ப்பின் விமானம் ஒன்றுதான். திரும்பி இறங்கியிருந்தால் அவரை எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தனியாகவே சிங்கோராவுக்குப் போனார், குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் பகைவரின் போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. இடக்கை சிதைந்தது, முதுகிலும் காயம். நினைவு வருவதும் போவதுமாக இருந்த அவரை, உடனிருந்த சார்ஜண்டுகள் கால்டர், ரிச் இருவரும் இருக்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நிலையிலும் அலோர்ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். மற்ற இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வூர் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் அவருடைய மனைவியே; அப்போது கர்ப்பிணி. கணவருக்குத் தம் இரத்தத்தையே கொடுத்தார். ஆயினும் ஸ்கார்ப் பிழைக்கவில்லை.

இனி நேயர்கள் கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கு. ஸ்கார்ப் இறந்தது 1941-இல். அவருக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது 1946 ஜூனில். மலாயாப் போரில் விமானப்படைக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா சிலுவை அதுதான். இடையில் நாலரை ஆண்டுகள் ஏன் ஓடின? படை பின்வாங்கிக்கொண்டே இருந்தது, குறிப்புகள் சிதறிப்போயின, கண்டவர்களும் திசைக்கு ஒருவராய்ப் பிரிந்துபோனார்கள். போர் முடிந்த பிறகுதான் விவரம் முறையாக மேலிடத்துக்குப் போயிற்று. கால்டருக்கும் ஒரு வீரப்பதக்கம் கிடைத்தது. ஸ்கார்ப்பின் சிலுவை 2022-இல் 660,000 பவுனுக்கு ஏலம் போய், பிறகு பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. விலையைக் கேட்டு வியப்பவர்கள், அவர் தைப்பிங் போர்க் கல்லறையில் உறங்குகிறார் என்பதையும் அறிந்துகொள்ளட்டும். 850-க்கும் மேற்பட்டோர் அடக்கமான அந்த இடத்தில் 500-க்கும் அதிகமானோர் பெயர் அடையாளம் காணப்படாதவர்கள்.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் சுங்கை பீசி விமானத்தளம் இருந்தது. பிற்காலத்தில் நம் அரச மலேசிய விமானப்படையின் தளமாக விளங்கி, 2018-இல் மூடப்பட்டது. 1941 டிசம்பரில் அங்கிருந்து ஆஸ்திரேலியரின் 453-ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது. அவர்களுக்குக் கிடைத்தவை பபலோ என்னும் அமெரிக்க விமானங்கள். மேலேறுவதில் மந்தம், சுழன்று திரும்புவதிலும் ஜப்பானியரின் ஹயபுசாவுக்கு ஈடு கொடுக்க முடியாதவை. டிசம்பர் 22 அன்று கோலாலம்பூர் வானத்திலேயே பெரும் சண்டை நடந்தது. அதன் முடிவில் பறக்கத்தக்கவையாக எஞ்சிய விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டொரு நாளில் மிஞ்சியவர்கள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினார்கள். 1942 ஜனவரி 11-ஆம் நாள் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். அந்த விமானிகளுள் பலர் இருபதைத் தாண்டிய இளைஞர்கள். அவர்களுடைய துணிச்சல் ஸ்கார்ப்பின் துணிச்சலுக்குக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

சாட்சி வேண்டும் என்றேனே, அது பகைவர் பக்கத்திலிருந்தும் வரலாம். 1965 செப்டம்பர் 7 அன்று, இந்திய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, குடகு நாட்டுக்காரர், பாகிஸ்தானின் சர்கோதா தளத் தாக்குதலுக்குச் சென்று திரும்பவில்லை. காணாமற்போனவர் என்றே எழுதிவைத்தார்கள். தம்முடைய மிஸ்டேர் விமானத்தைவிட மிக வேகமான ஸ்டார்பைட்டர் ஒன்றுடன் மோதி, அதை வீழ்த்திவிட்டுத்தான் அவர் மாண்டார் என்ற செய்தி, பாகிஸ்தான் தரப்புத் தகவல்களைக் கொண்டு ஓர் ஆங்கிலேயர் எழுதிய நூலால்தான் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. 1988-இல் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கினார்கள். 23 ஆண்டுகள்!

சிங்கப்பூர் கிராஞ்சியில், கல்லறையே இல்லாத சுமார் 24,000 பேரின் பெயர்களைச் சுவர்களில் செதுக்கி, மேலே விமான இறக்கை போன்ற கூரை அமைத்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. ஆனால் 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அங்கேயே மாண்ட தமிழருக்கு அப்படி ஒரு பெயர்ச் சுவர் எழவில்லை. தோட்டத்தில் பெயர்ப் பதிவு இருந்தது, சம்பளத்துக்காக. சயாமில் எவர் இறந்தார் என்று எழுதிவைக்க எவருக்கு அக்கறை?

என் பாட்டி அந்த டிசம்பரில் கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் காலை, வாளியைப் போட்டுவிட்டு மரத்தடியில் குப்புறப் படுத்ததாகவும், தலையைத் தூக்கியபோது ஒரு விமானம் புகை கக்கிக்கொண்டு கடல் பக்கமாகச் சாய்ந்து போனதாகவும் சொல்வார். யாருடைய விமானம் என்று அவருக்குத் தெரியாது. இறக்கையில் என்ன குறி இருந்தது, எத்தனை மணி, எந்தத் திசை என்று அவரிடம் எவரும் வந்து கேட்டதும் இல்லை.