தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்: கவனம் பெறாமல் போன ஒரு சாகச ஆட்டத்தின் வரலாறு

தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் என்பது 1997 ஆம் ஆண்டு வெளியான கணினிச் சாகச ஆட்டம் ஆகும். இதனை ஜோர்டான் மெக்னர் வடிவமைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய ஸ்மோக்கிங் கார் புரொடக்ஷன்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது; புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் விற்பனையில் தோல்வியடைந்த ஆட்டங்களுக்கு இது முதன்மையான எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

மெக்னர் 1984 இல் கராத்தேகா, 1989 இல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆகிய ஆட்டங்களை உருவாக்கிப் புகழ் பெற்றவர். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் நாயகனின் ஓட்டமும் தாவலும் இயல்பாக அமைய, தம் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் படம் பிடித்து, அவற்றைப் பார்த்து உருவங்களை வரைந்தார். அடுத்ததாக, கதையே முதன்மையாக அமையும் ஓர் ஆட்டத்தை உருவாக்க விரும்பினார். டோமி பியர்ஸ் அவருடன் இணைந்து கதையை எழுதினார்.

கதைக்களம்

1914 சூன் 28 இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொல்லப்பட்டார். சூலை 23 இல் ஆஸ்திரியா–அங்கேரி செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு மறுநாள் மாலை, பாரிசிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குப் புறப்படும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தொடர்வண்டியில் கதை தொடங்குகிறது.

ராபர்ட் காத் என்னும் அமெரிக்க மருத்துவர் நண்பரின் அழைப்பின் பேரில் வண்டியில் ஏறுகிறார். நண்பரோ தம் அறையில் கொலையுண்டு கிடக்கிறார். காத் அந்த நண்பரின் பெயரிலேயே பயணத்தைத் தொடர்கிறார். உருசியப் பிரபு, அராசகவாதி இளைஞன், செருமானிய வணிகர், ஆஸ்திரிய வயலின் கலைஞர், செர்பியத் தேசியவாதிகள் எனப் பலரும் அதே வண்டியில் பயணிக்கின்றனர். போருக்கு முந்தைய ஐரோப்பாவின் பகைகள் அனைத்தும் சில பெட்டிகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. நாயகன் எதைச் செய்தாலும் போரைத் தடுக்க முடியாது என்பது ஆடுபவருக்கு முன்பே தெரியும். கதையின் அழுத்தம் இதிலிருந்தே பிறக்கிறது.

காலத்தைக் கையாளும் முறை

அக்காலச் சாகச ஆட்டங்களில் ஆடுபவர் ஒரு புதிரை விடுவிக்கும் வரை பிற மாந்தர்கள் பெரும்பாலும் அப்படியே காத்திருப்பர். இவ்வாட்டத்தில் எவரும் காத்திருப்பதில்லை. ஆட்டத்தின் கடிகாரம் உண்மை நேரத்தைவிட ஆறு மடங்கு விரைவாக ஓடுகிறது. பயணிகள் தத்தம் விருப்பப்படி உணவுப் பெட்டிக்குச் செல்கின்றனர், பேசுகின்றனர், உறங்குகின்றனர். ஓர் இடத்தில் நின்று ஓர் உரையாடலைக் கேட்டால், அதே நேரத்தில் வேறிடத்தில் நடப்பது தவறிப்போகும். செசார் பிராங்க் இயற்றிய வயலின் சொனாட்டா ஒலிக்கும் இசை நிகழ்ச்சிக் காட்சி இதற்குத் தக்க சான்று. அனைவரும் இசை கேட்கும் வேளையே பிறர் அறைகளைச் சோதிக்க வாய்ப்பான நேரமும் ஆகும்.

தவறு நேர்ந்தால் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி, முந்தைய நிலையிலிருந்து மீண்டும் ஆடலாம். பயணிகள் தத்தம் தாய்மொழியில் பேசுகின்றனர். நாயகனுக்குத் தெரிந்த மொழிகளுக்கு மட்டுமே துணைவரிகள் தோன்றும்.

உருவாக்கம்

நடிகர்களுக்கு முகத்திலும் உடையிலும் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி ஒப்பனை செய்து, நீலத்திரைக்கு முன் 22 நாட்கள் படப்பிடிப்பு நடத்தப்பட்டது. அப்படங்களிலிருந்து கோடுகளைக் கணினி பிரித்தெடுக்க, பின்னர் வண்ணம் சேர்க்கப்பட்டது. ரோட்டோஸ்கோப்பிங் எனப்படும் பழைய திரைப்பட நுட்பத்தின் எண்ணிம வடிவம் இது. இதனால் மாந்தர்கள் 1900களின் தொடக்கத்தில் புகழ்பெற்றிருந்த ஆர்ட் நூவோ சுவரொட்டி ஓவியங்களைப் போலத் தோன்றினர். செக் நாட்டில் பிறந்த எலியா சிமிரால் இசையமைத்தார். ஆட்டம் மூன்று குறுவட்டுகளில் வெளிவந்தது.

தோல்விக்கான காரணங்கள்

தோல்விக்கு ஆட்டத்தின் தரம் காரணமன்று. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் புரோடர்பண்டின் விற்பனை மேம்பாட்டுக் குழுவினர் பணியிலிருந்து விலகினர்; எனவே ஏறத்தாழ விளம்பரமே இன்றி ஆட்டம் கடைகளுக்கு வந்தது. மிஸ்ட் ஆட்டத்தை 1993 இல் வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டதும் இதே நிறுவனமே. சாப்ட்பேங்க் நிறுவனம் விளையாட்டுத் துறையிலிருந்து விலகியதால், முடியும் நிலையிலிருந்த பிளேஸ்டேஷன் பதிப்பும் கைவிடப்பட்டது. 1998 இல் புரோடர்பண்டை தி லேர்னிங் கம்பெனி வாங்கியது. விரைவில் ஆட்டம் கடைகளிலிருந்து மறைந்தது. பல ஆண்டு உழைப்புக்கும் பல மில்லியன் டாலர் செலவுக்கும் ஈடான வருவாய் கிடைக்கவில்லை.

மறுவாழ்வு

பின்னர் உரிமை இன்டர்பிளே நிறுவனத்திடம் சென்று, ஆட்டம் குறைந்த விலையில் மறுபடி வெளியானது, அதுவும் நீடிக்கவில்லை. பிரான்சின் டாட்எமு நிறுவனம் 2012 இல் ஐபோன், ஐபேட் பதிப்பை வெளியிட்ட பின் புதிய தலைமுறையினர் இதனை அறிந்தனர். அச்சில் இல்லாத நூல் நூலகத்திலாவது கிடைக்கும். பழைய ஆட்டமோ, உரிமை பெற்ற நிறுவனம் கைவிட்டாலும், அது இயங்கும் கணினி வழக்கொழிந்தாலும் எளிதில் கிடைக்காமல் போய்விடும். இவ்வாட்டம் அந்நிலையிலிருந்து மீண்ட சிலவற்றுள் ஒன்று. முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய நாட்களின் மனநிலையை அறிய விரும்பும் மாணவர்களும் ஆடிப் பார்க்கத் தக்கது.