கறுப்பின மக்களின் பாடமும் நம் தெருவின் வரலாறும்

கல்பாக்கம் அணுமின் நிலையத்து விளக்கு ராத்திரியில் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஒரு காலனியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறோம். ஒரு நாள், பி.ஏ. ஆங்கிலம் படிக்கிற பெண் டோனி மாரிசனின் ‘தி புளூயெஸ்ட் ஐ’ நாவலுக்கு நோட்ஸ் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “ஏண்ணா, அந்தக் கறுப்புப் பொண்ணு நீலக் கண்ணு வேணும்னு ஏங்குனதுக்குப் பதினஞ்சு மார்க்கு. எங்க ஆயாவுக்குத் தனி கிளாஸ்ல டீ குடுத்தத எழுதுனா எத்தினி மார்க்குண்ணா?”

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் எம்.ஏ. தமிழ் படித்தவன்தான். மருதத் திணையின் வயலையும் வளத்தையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த வயலில் இறங்கி நாற்று நட்டவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்ற கேள்வி இரண்டு வருஷத்தில் ஒரு தாளிலும் வரவில்லை.

கறுப்பின எழுத்து நம்மூர்க் கல்லூரிகளுக்குள் வந்த வழி வேடிக்கையானது. 1964இல் ஐதராபாத்தில் அமெரிக்க ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. பி.எல்.480 என்று நம் தாத்தாக்கள் ரேஷன் கடையில் கேள்விப்பட்ட அதே திட்டம்தான் இதற்கும் கைகொடுத்தது. கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் நின்றது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு புத்தகமாகவும் நூலகமாகவும் மாறியது. தென்னாட்டு ஆங்கிலத் துறைக்காரர்கள் ரயிலேறிப் போய் நோட்டெடுத்து வந்தார்கள். 1993இல் மாரிசனுக்கு நோபல் பரிசு கிடைத்தபின் எம்.ஃபில். ஆய்வேடுகள் குவிந்தன. அடிமைமுறை, நிறவெறி, அடையாளம் என்று எல்லாச் சொற்களும் அவற்றில் உண்டு. ஆனால் கல்லூரி மதில் சுவருக்கு வெளியே இருந்த சேரிக்கு அந்தச் சொற்கள் நடந்து வரவில்லை.

கறுப்பின இலக்கியம் படிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அது எப்படிப் பாடமாயிற்று என்பதை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். 1968 நவம்பர் 6ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும், மற்ற ஒடுக்கப்பட்ட இனங்களின் மாணவர்கள் சேர்ந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கல்லூரிக்குள் போலீஸ் புகுந்தது, தடியடி நடந்தது, நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அடுத்த ஆண்டு மார்ச் வரைக்கும் விடவில்லை. எங்களுக்கு இடம் கொடு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. என்ன சொல்லித்தருவது, யார் சொல்லித்தருவது என்பதையும் நாங்கள் தீர்மானிப்போம் என்றார்கள். கறுப்பின ஆய்வுத் துறை அப்படித்தான் பிறந்தது. யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை.

அதற்கும் எழுபது வருஷம் முன்பே டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை செய்தார். 1899இல் வந்த ‘வியாபாரத்தில் நீக்ரோ’ என்கிற ஆய்வு அது. மளிகைக்கடைக்காரர், முடிதிருத்துபவர், சவப்பெட்டி செய்பவர் என்று கடை வைத்திருந்த கறுப்பர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். முதல் எவ்வளவு, எத்தனை வருஷமாக நடக்கிறது என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். சமூகவியலும் வணிகமும் அங்கே ஒரே தாளில் இருந்தன. நம் பையன்கள் பி.காம். படிக்கிறார்கள். பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் அத்துப்படி. தன் ஊர்க் கடைத்தெருவில் நம் ஆள் கடை எத்தனை, வாடகைக்குக் கேட்டால் கிடைக்குமா என்று மட்டும் யாரும் அவர்களைக் கணக்குப் போடச் சொன்னதில்லை. படித்து முடித்ததும் ஒப்பந்தக்காரரிடம் மஸ்டர் ரோல் எழுதப் போகிறார்கள்.

அம்பேத்கர் 1913இலிருந்து 1916வரை கொலம்பியாவில் படித்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6 என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதற்கும் தலைப்பு தீண்டாமை அல்ல. 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை அவர்தான் கொண்டுபோய் வைத்தார். பாடத்தில் இல்லாததைப் பாடமாக்கினார். 1946இல் அதே டூபாய்சுக்குக் கடிதமும் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், நாங்களும் அப்படிச் செய்ய நினைக்கிறோம் என்பது விஷயம். டூபாய்ஸ் பதில் எழுதினார். கோதுமைக் கப்பலும் ஐதராபாத் மையமும் வருவதற்கு முன்னால் இரண்டு மக்களுக்கும் இடையில் தபால் ஓடியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே செங்கல்பட்டு சீமையில் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயமுத்தூர் கல்லூரியில் படித்த காலத்தைப் பற்றி 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். நானூறு மாணவர்கள், பத்துப் பேர் போக மற்றவர்கள் பார்ப்பனர்கள். யாரோடாவது பழகினால் சாதியும் வீடும் தெரிந்துபோகும். அதற்குப் பயந்து வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்தபின்தான் உள்ளே போவாராம். இன்றைக்கும் ஹாஸ்டல் பேரைச் சொல்லாமல் மழுப்புகிற பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டினால் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அவரும் நீலகிரியில் வெள்ளைக்காரர் வியாபார நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தவர்தான். அதோடு நிற்கவில்லை. சென்னைக்கு வந்து 1893 அக்டோபரில் ‘பறையன்’ பத்திரிகை தொடங்கினார். அதே வருஷம் டிசம்பரில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற காங்கிரஸ் கோரிக்கைக்கு எதிராகக் கூட்டம் போட்டு, 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனுவை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இதை வெள்ளைக்கார விசுவாசம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். தேர்வு என்பது யாருக்காக வைக்கப்படுகிறது, அதில் ஜெயித்து யார் நம் தலைமேல் உட்காருவார்கள் என்று 1893இலேயே கேட்டிருக்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர்கள் பற்றி அறிக்கை எழுதினார். படியாள் கடன், குடியிருக்கும் மனையே மிராசுதாரன் கையில் இருந்த கொடுமை, தரிசு நிலத்துக்கு மனு போட்டால் வீட்டைக் காலி செய் என்ற மிரட்டல், எல்லாம் அதில் இருக்கின்றன. 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. பஞ்சமரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதே ஒரு பட்டப்படிப்புக்குப் போதுமான பாடம். அதை மீட்கத்தான் காரணையில் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். சமூக அறிவியல் என்றால் இது இல்லாமல் வேறென்ன?

1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ பல கல்லூரிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் பாடமாயிற்று. தமிழ்ச் சேரியின் தமிழ் ஆங்கிலத் துறை வாசல் வழியாக நுழைந்தது. நுழைந்தாலும் நிலைக்குமென்று நிச்சயமில்லை. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் பி.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் கூடவே போயிற்று. ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் போல மாணவர்கள் மாதக்கணக்கில் வகுப்பைப் புறக்கணித்தார்களா? இல்லை. நாம் ஸ்காலர்ஷிப்புக்கும் ஹாஸ்டல் சோற்றுக்கும் மறியல் செய்திருக்கிறோம். அதுவும் வேண்டியதுதான், வயிறு காய்ந்தால் படிப்பு ஏது? ஆனால் பாடத்திட்டக் குழுவின் கதவை நாம் இன்னும் தட்டவே ஆரம்பிக்கவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது வேறு வேலை நடக்கிறது. பி.காம். பையன் ஒருவன் கடைத்தெருவைக் கணக்கெடுத்து வந்தான். நம் ஆள் கடை ஒரு பெட்டிக்கடையும் ஒரு சைக்கிள் கடையும்தான் என்று சொல்லிவிட்டு, “சைக்கிள் கடையும் போன வருஷமே மூடிட்டாங்கண்ணா” என்றான். மார்க்கு கேட்ட பெண், தன் ஆயாவிடம் உட்கார்ந்து எழுதுகிறாள். “அந்தப் பனமரத்துலேர்ந்து ஓட வரிக்கும் நம்முதுதான், கைநாட்டு வாங்கிக்கினு பூட்டானுங்க” என்று கிழவி சொன்னது நோட்டில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, அந்த நிலத்தின் அ-பதிவேட்டு நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் போட வேண்டிய மனுவை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள். சர்வே நம்பர் இடம் மட்டும் காலியாக விட்டிருக்கிறது.