தடயவியல் உளவியலாளராக விரும்புவோருக்கு

‘ஃபோரன்சிக் சைக்கோலஜி’ என்பதைத் தமிழில் தடயவியல் உளவியல் என்று எழுதி வருகிறோம். வேறு சொல் பழக்கத்துக்கு வராததால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் மூலச்சொல்லுக்கும் தடயத்துக்கும் தொடர்பில்லை. ரோமானியர்கள் வழக்குப் பேசிய பொதுச் சதுக்கத்தின் பெயர் ‘ஃபோரம்’. அதிலிருந்து வந்த சொல் நீதிமன்றத்தையே சுட்டுகிறது. நீதிசார் உளவியல் என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும். "மகள் இதைப் படிக்க ஆசைப்படுறாள், பிரேதம் எல்லாம் பார்க்க வேணுமோ?" என்று இலண்டன் கலியாண வீடுகளில் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, "இல்லை, கோப்புகளைத்தான் பார்க்க வேணும்."

இன்னொரு குழப்பம் தொலைக்காட்சி தந்தது. கொலை நடந்த இடத்தைப் பார்த்ததும் கொலையாளியின் குணத்தைச் சொல்லிவிடும் மேதை இங்கே வேலையில் இல்லை. அந்த வழியில் போனதன் விளைவை இங்கிலாந்து பார்த்திருக்கிறது. 1992-இல் விம்பிள்டன் பொதுவெளியில் ரேச்சல் நிக்கல் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். ஓர் உளவியலாளர் வரைந்து கொடுத்த குணச்சித்திரத்தை நம்பிய பொலிசார், கொலின் ஸ்டாக் என்பவரிடம் காதலிபோல் நடிக்க ஒரு பெண் அதிகாரியை அனுப்பினார்கள். 1994-இல் நீதிபதி அந்தச் சான்றை ஏற்க மறுத்ததும் வழக்கு விழுந்தது. அதற்குள் ஸ்டாக் ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். 2008-இல் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

உண்மையில் எங்களிற் பலருக்குச் சிறைச்சாலையிலும் பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனைகளிலுமே வேலை. கைதியோடு மணிக்கணக்காகப் பேசுவது, பழைய பதிவுகளைப் படிப்பது, வெளியே விட்டால் என்ன ஆபத்து, அதை எப்படிக் குறைக்கலாம் என்று பரோல் சபைக்கு அறிக்கை எழுதுவது. என் நாளில் பாதிக்கு மேல் எழுத்து வேலைதான்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்த இளங்கலைப் பட்டம், பிறகு தடயவியல் உளவியலில் முதுகலை, அதன்பின் மேற்பார்வையின்கீழ் குறைந்தது 2 வருடப் பயிற்சி. முனைவர் பட்ட வழியும் உண்டு. 2009 முதல் இந்தப் பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பதிவு செய்யாதவர் தம்மைத் தடயவியல் உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. வெறும் ‘உளவியலாளர்’ என்ற பெயருக்கு அந்தக் காவல் இல்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். முதுகலைக்குப் பிறகு பயிற்சி இடம் கிடைப்பதுதான் கடினம். அங்கே பலர் வருடக்கணக்காக நிற்கிறார்கள். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு.

கருவிகள் உண்டு. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் உருவான எச்.சி.ஆர்-20 அவற்றில் ஒன்று. அதில் கடந்த காலம் பற்றி 10, இன்றைய மனநிலை பற்றி 5, வரும் நாட்களைச் சமாளிப்பது பற்றி 5 என 20 அம்சங்கள். கூட்டிப் போட்டு விடை காணும் கணக்கல்ல அது; எதை விடாமல் யோசிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல்.

வேலையில் சேர நினைப்பவர்கள் ஒரு செய்தியை அறிந்தே வர வேண்டும். பாலியல் குற்றவாளிகளுக்காக இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஒரு குழுச் சிகிச்சைத் திட்டம் 1990-களின் தொடக்கத்திலிருந்து நடந்தது. அதை முடித்தால் ஆபத்துக் குறைந்தது என்பது பொது நம்பிக்கை. 2017-இல் நீதி அமைச்சு வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை பெற்ற 2,562 பேரைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டது. மீண்டும் பாலியல் குற்றம் செய்தோர் சிகிச்சை பெற்றவர்களில் 10 வீதம். பெறாதவர்களில் 8 வீதம். திட்டம் அந்த வருடமே கைவிடப்பட்டு, வேறு திட்டங்கள் அதன் இடத்துக்கு வந்தன. அத்தனை வருடமும் நல்லெண்ணத்தோடு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான். நல்லது செய்கிறோம் என்ற உணர்வையே சம்பளமாக எண்ணுபவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

நான் பெரிதும் மதிக்கும் பெயர் கிஸ்லி குட்ஜோன்சன். ஐஸ்லாந்தில் பொலிசாக இருந்து உளவியலுக்கு வந்தவர். அழுத்தத்துக்கு ஒருவர் எவ்வளவு வளைந்து கொடுப்பார் என்று அளக்க வழி கண்டார். ஒரு சிறு கதையைச் சொல்லிவிட்டு 20 கேள்விகள் கேட்பார். அவற்றில் 15 தவறான பதிலை நோக்கித் தள்ளுபவை. பிறகு, "நிறையப் பிழை விட்டீர்கள்" என்று கடுமையாகச் சொல்லி மறுபடி கேட்டால் எத்தனை பதில்கள் மாறுகின்றன? 1991-இல் டொட்டன்ஹாம் மூவர் மேன்முறையீட்டில் நீதிமன்றம் இத்தகைய சான்றுக்கு இடம் கொடுத்தது. செய்யாததையும் மனிதர் ஒப்புக்கொள்வார் என்பது சட்டத்தின் காதில் விழுந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் மொழி குறுக்கே வருகிறது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் விசாரணையில் "ஓம், ஓம்" என்று தலையாட்டினால், "நீங்கள் சொல்வது கேட்கிறது, மேலே சொல்லுங்கோ" என்றும் பொருள். அதிகாரிக்கு முன்னால் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்ற பழக்கமும் சேர்ந்துகொள்ளும். மொழிபெயர்ப்பாளர் அதை ‘யெஸ்’ என்று மாற்றியதும் பதிவுநாடாவில் அது சம்மதமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பிறந்த அளவுகோலை அப்படியே தமிழாக்கிப் பயன்படுத்துவதிலும் இதே சிக்கல் உண்டு.

பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கும் எங்கள் பிள்ளைகள், தமிழ் தெரியும் என்பதைப் படிவத்தின் கடைசி வரியில் நீச்சலோடும் கிரிக்கெட்டோடும் சேர்த்து எழுதுகிறார்கள். முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நேர்காணலில் அந்த "ஓம்" பற்றிக் கேட்க வையுங்கள்.