தந்தையின் கை: ‘எமான்கிபாத்தியோ’ என்னும் சொல்லின் வரலாறு

இலத்தீன் மொழியில் ‘மானுஸ்’ என்றால் கை. ‘காப்பேரே’ என்றால் பற்றுதல். இவ்விரண்டும் கூடிப் பிறந்த ‘மான்கிப்பியும்’ என்னும் சொல், கையாற் பற்றித் தனதென்று உரிமை கொள்ளப்பட்ட பொருளையும், அவ்வாறு பற்றப்பட்ட அடிமையையும் ஒருங்கே குறித்தது. அதன் முன்னே ‘வெளியே’ என்று பொருள்படும் ‘எ’ என்னும் எழுத்தைச் சேர்த்து உரோமானியர் ஆக்கிக்கொண்ட ‘எமான்கிபாத்தியோ’ என்பதே, அடிமை ஒழிப்பையும் பெண் விடுதலையையும் பேசுவோர் நாவில் இன்று ‘எமான்சிபேஷன்’ என்று வழங்குகிறது. ஆயினும் அடிமையை விடுவிப்பதற்கு உரோமானியர் வேறொரு சொல்லைக் கையாண்டனர். இச்சொல்லோ, பெற்ற பிள்ளையைத் தந்தையின் கையினின்று வெளியேற்றும் சடங்கிற்கே உரியதாயிருந்தது.

அத்தகைய சடங்கு ஒன்று வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. தந்தை உயிரோடிருக்குமளவும், மகன் தலை நரைத்தவனாயினும், மனைவி மக்களோடு வாழ்பவனாயினும், கொன்சல் என்னும் உயர்பதவியில் அமர்ந்து சேனைகளை நடத்தியவனாயினும், குடும்ப விஷயங்களில் அவன் ‘பாத்ரியா பொத்தெஸ்தாஸ்’ எனப்பட்ட பிதாவின் அதிகாரத்துக்கு உட்பட்டவனே. அவன் ஈட்டிய பொருளெல்லாம் தந்தையுடைய பொருளாயிற்று. தந்தை மனமுவந்து அவன் பொறுப்பில் விட்டுவைத்த முதலுக்குப் ‘பெக்கூலியும்’ என்று பெயர். கால்நடையைக் குறிக்கும் ‘பெக்குஸ்’ என்னும் சொல்லினின்று பிறந்த அப்பெயரே, எஜமானன் அடிமைக்கு விட்டுவைத்த முதலுக்கும் வழங்கிற்று.

இவ்வதிகாரத்தை அவிழ்ப்பதற்குப் பழைய சட்டத்தில் நேரான வழியில்லை. ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தில், மகனை மும்முறை விற்ற தந்தை அவன்மீது அதிகாரம் இழப்பான் என்றொரு விதி இருந்தது. பொருளாசை மிக்க தந்தையைத் தண்டிக்க ஏற்பட்டதாகத் தோன்றும் அவ்விதியையே பிற்காலச் சட்டநூலோர் சாமர்த்தியமாக விடுதலை வாயிலாக்கிக்கொண்டனர். வயது வந்த உரோமப் பிரஜைகள் ஐவருக்குக் குறையாமல் சாட்சிகளாக நிற்க, வேறொருவன் வெண்கலத் தராசைத் தாங்கி நிற்க, தந்தையின் நம்பிக்கைக்குரிய நண்பன் ஒருவன் மகனைப் பற்றிக்கொண்டு, இவன் எனக்குரியவன் என்று சொல்லி, வெண்கலத் துண்டொன்றால் தராசைத் தட்டி, அதையே விலையாகத் தந்தையிடம் கொடுப்பான். பின்னர் அவன் மகனை விடுவிப்பான். மகன் மீண்டும் தந்தையின் அதிகாரத்துக்குள் வருவான். மறுபடியும் விற்பனை, மறுபடியும் விடுவிப்பு. மூன்றாம் விற்பனையோடு தந்தையின் அதிகாரம் அற்றுப்போகும். மகளுக்கும் பேரனுக்கும் ஒரு விற்பனையே போதுமானதாயிருந்தது. இவ்வாறு ஸ்வதந்திரனானவன், குடும்பத்துக்குப் புறம்பானவன் என்ற காரணத்தால், பழைய சட்டப்படி தந்தையின் சொத்தில் வாரிசுரிமையையும் இழந்தான். பிரேத்தர் என்னும் நீதியதிகாரிகள் பிற்காலத்தில் இக்குறையை ஒருவாறு நீக்கினர்.

இச்சடங்கை நாம் இத்துணை விவரமாக அறிவது, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காயுஸ் என்பார் இயற்றிய சட்டநூலால். நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் ஏட்டை, 1816இல் வெரோனா நகரத்து ஆலய நூலகத்தில், எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் புனித ஜெரோமின் நூல் எழுதப்பட்டிருந்த நிலையில் நீபூர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டெடுத்தார். மக்கள்மீது இத்தகைய அதிகாரமுடையோர் உரோமானியரன்றி வேறெவரும் அரியர் என்று கூறும் காயுஸ், கலாத்தியர் மட்டும் இத்தகையதொரு கொள்கையுடையவர் என்று அவ்விடத்தே குறித்துச் செல்கிறார். பவுல் அப்போஸ்தலர் தம் நிருபத்தை எழுதியது அந்தக் கலாத்தியருக்கே என்பதை நினைவுகூர்வோர், சுதந்தரவாளியாகிய பிள்ளை எல்லாவற்றுக்கும் உடையவனாயிருந்தும், தகப்பன் குறித்த காலம் வருமளவும் அடிமைக்கும் தனக்கும் வேற்றுமையின்றிக் காரியக்காரரின் கீழிருக்கிறான் என்னும் 4ஆம் அதிகாரத்தின் கருத்து, அம்மக்களின் செவியில் எவ்வளவு அழுத்தமாய் ஒலித்திருக்கும் என்பதை உணரக்கூடும்.

எனினும் அத்தகைய தந்தையரிடையே பரவிய வேதம், முற்றும் வேறொரு நியாயத்தைத் தன்னுட் கொண்டிருந்தது. மணமாகும் ஆடவன் தாய் தந்தையரைவிட்டு நீங்கி மனைவியோடு ஒன்றாவான் என்பது ஆதியாகமத்தின் வாக்கு. இயேசு அதனை எடுத்தாண்டார். பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் அதனை மீண்டும் கூறினார். மணமகள் புருஷன் வீடு புகுவதே வழக்கமாயிருந்த சமுதாயத்தில், விட்டு நீங்குபவன் ஆடவனே என்று சொன்ன அவ்வாக்கில், விற்பவனும் இல்லை, வாங்குபவனும் இல்லை, தராசும் இல்லை. அந்நிருபத்தின் அடுத்த அதிகாரமோ, பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலை விதித்த கையோடு, பிள்ளைகளைக் கோபப்படுத்தலாகாது என்று தந்தையரையும் கட்டுப்படுத்துகிறது.

சக்கரவர்த்திகள் கிறிஸ்தவரான பின்னரும் பிதாவின் அதிகாரம் ஒருநாளில் அழிந்துவிடவில்லை. சிறுகச் சிறுகவே தேய்ந்தது. தாய்வழிச் சொத்தில் பிள்ளைகளுக்குள்ள உரிமையைக் கான்ஸ்தந்தீன் காத்தார். மும்முறை விற்கும் சடங்கை 531இல் ஒழித்த ஜஸ்டினியன், நீதியதிகாரியின் முன்னிலையில் தந்தை சொல்லும் சொல்லே போதும் என்றார். பின்னர், மேற்றிராணியாராக உயர்ந்தவன் அப்பதவியினாலேயே தந்தையின் அதிகாரத்தினின்று நீங்குவான் என்றும் விதித்தார். பிரான்சின் வடபகுதி வழக்கங்களிலோ, நாம் தனிக்குடித்தனம் என்று சொல்லும் நிலையே விடுதலையாக மதிக்கப்பட்டது. மணமானவன் தந்தையின் ரொட்டிக்கும் பானைக்கும் புறம்பானவன் என்பது அந்நாட்டுச் சட்டவழக்கு.

ஆயினும் அம்மணத்தை நிச்சயிப்பவர் யார் என்னும் வினாவில் திருச்சபைக்கும் பிரெஞ்சு அரசுக்கும் பெரும் பிணக்கு நேர்ந்தது. தம் சம்மதமின்றி மணந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொத்தில்லை என்று விலக்கலாம் என, ஆடவருக்கு 30 வயதும் பெண்டிருக்கு 25 வயதும் எல்லையாக வைத்து, பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி கட்டளையிட்டார். பிரெஞ்சுத் தரப்பார் பெற்றோர் சம்மதத்தை இன்றியமையாததாக்க வேண்டினமையை அறிந்தே, 1563இல் திரெந்து பொதுச்சங்கம், அத்தகைய மணங்களைத் திருச்சபை வெறுத்துவந்ததென்று ஒப்புக்கொண்டபோதிலும், அவை மணமே அல்ல என்பாரைச் சபித்தது. குருவும் சாட்சிகள் இருவர் அல்லது மூவரும் முன்னிற்க, மணமக்களின் சம்மதமே மணத்தை ஆக்கும் என்பது அதன் முடிபு.

1804இல் எழுந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தில் இவ்விரு மரபுகளும் அருகருகே அமர்ந்தன. வயது நிரம்பாதவன் மணஞ்செய்துகொண்ட மாத்திரத்தில் ‘எமான்சிப்பே’ ஆனான். எனினும், 25 வயது கடந்த மகனும் 30 வயது வரையில், பெற்றோர் இசையாராயின், நொத்தாரிசு வாயிலாக வணக்கத்தோடு மாதம் ஒருமுறையாக மும்முறை கேட்டு, அதன்பின்னரே மணம்புரியலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. தந்தை மும்முறை விற்ற காலம் போய், மகன் மும்முறை வணங்கிக் கேட்கும் காலம் வந்தது.

1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, புதுச்சேரித் தமிழருட் பலர், அவர்களுட் கிறிஸ்தவர் மிகுதி, தம் சாதி வழக்கங்களைத் துறந்து ‘ரெனோன்சான்’ எனப்பட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டபோது, இச்சொல்லும் தமிழர் வீட்டுக்குள் நுழைந்தது. மகனைத் தந்தையினின்று விடுவிக்கும் அச்சட்டத்தை ஏற்ற அதே பத்திரத்தில், தலைமுறை தலைமுறையாக நிலைக்கவேண்டிய குடும்பப் பெயரொன்றையும் தந்தை தெரிந்தெழுத வேண்டியிருந்தது.

1804ஆம் ஆண்டுச் சட்டத்தின் 371, 372ஆம் பிரிவுகளை ஒருங்கே படிப்போருக்கு, இச்சொல்லின் நெடிய வரலாறு எங்கே வந்து நின்றது என்பது புலனாகும். பிள்ளை எவ்வயதினனாயினும் பெற்றோரைக் கனம்பண்ணக் கடமைப்பட்டவன் என்பது முன்னது. அவர்தம் அதிகாரத்துக்குட்பட்டிருப்பதோ வயது நிரம்பும்வரை, அல்லது எமான்சிபேஷன் வரை மட்டுமே என்பது பின்னது. வளர்ந்த மக்கள் காணிக்கை என்று சாக்குச் சொல்லிப் பெற்றோரைத் தாங்க மறுப்பதற்கு இடங்கொடுத்த பரிசேயரை இயேசு கண்டித்ததும் இந்த நியாயத்தாலேயே. உரோமானியர் ஒன்றென மயங்கிய அதிகாரத்தையும் கனத்தையும் பிரித்தறிவதற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதிகாரத்துக்கு வயதெல்லை உண்டு, கனத்துக்கு இல்லை.