மட்டம் தட்டும் ஒரு வார்த்தையின் கதை

ஒருத்தரை மட்டம் தட்டுவதை ஆங்கிலத்தில் 'பிலிட்டில்' என்பார்கள். 'லிட்டில்' முன்னால் 'பி' சேர்ந்தால் 'சின்னதாக்கு', அவ்வளவுதான். இதை முதலில் யார் எழுதினார்கள்னு தேடிப் போனால், தாமஸ் ஜெபர்சனிடம் போய் நிற்கிறது.

அமெரிக்க மண்ணில் விலங்குகள் குட்டையாகிவிடும் என்றார் பிரெஞ்சு அறிஞர் பஃபோன். அதை மறுத்து, 1785-ல் பாரிசில் அச்சிட்ட வர்ஜீனியா பற்றிய புத்தகத்தில்தான் ஜெபர்சன் இந்தச் சொல்லைப் போட்டார். விலங்குகளின் எடைப் பட்டியலே கொடுத்தார். போதாதென்று 1787-ல் ஒரு மூஸ் மானின் எலும்பையும் தோலையும் கடல் கடந்து வரவழைத்துப் பஃபோனுக்கு அனுப்பினார். லண்டன் பத்திரிகை ஒன்று இந்தச் சொல்லையே கிண்டலடித்தது தனிக்கதை.

எனக்கு உறுத்தியது வேறு. கறுப்பின மக்கள் அறிவில் குறைந்தவர்களோ என்ற சந்தேகத்தையும் அதே புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1791-ல் பெஞ்சமின் பானேக்கர் என்ற கறுப்பினத்தவர், தானே கணித்த பஞ்சாங்கத்தை அவருக்கு அனுப்பினார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஆனால் 1809-ல் வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில், பானேக்கருக்கு ரொம்பச் சாதாரண மூளைதான் என்று முடித்துவிட்டார்.

ஆதாரத்தைப் பார்த்துப் பஃபோன் மாறணும்னு எதிர்பார்த்தவர், பானேக்கரின் ஆதாரம் கைக்கு வந்தபோது தான் மாறவில்லை.